உள்ளூர் லீக்குக்கு எந்த முறை பொருந்தும்: மைதான நேரத்திலிருந்து தொடங்கும் கணக்கு

ஊர் இளைஞர்கள் கூடி ஒரு டென்னிஸ் பந்து கிரிக்கெட் லீக் நடத்த முடிவு செய்ததும், எத்தனை அணிகள் சேரும் என்றுதான் பெரும்பாலும் முதலில் கேட்கிறார்கள். பெயர் கொடுத்த அணிகளை எண்ணி, தொலைக்காட்சியில் பார்த்த ஏதாவது ஒரு தொடரின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு அட்டவணை போடுகிறார்கள். மார்ச் மாதம் முடியும்போது லீக் சுற்றில் பாதி ஆட்டங்கள் மீதமிருக்கும், பள்ளித் தேர்வும் கோயில் கொடையும் வந்துவிடும், கடைசியில் யாரோ நான்கு பேர் உட்கார்ந்து பேசி அரையிறுதிக்கு அணிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நான்கு பேர் எவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டாலும், வெளியே நிற்கும் அணிகள் அதை ஏற்பதில்லை.

கணக்கை மறுமுனையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. உங்கள் கையில் எத்தனை ஆட்டங்களுக்கான மைதான நேரம் இருக்கிறது, பணம் கட்டிச் சேரும் ஓர் அணிக்குக் குறைந்தது எத்தனை ஆட்டங்கள் தருவதாக வாக்களிக்கிறீர்கள் என்ற இரண்டு எண்களையும் முதலில் எழுதிக்கொண்டால், அணிகளின் எண்ணிக்கையும் தொடரின் முறையும் பெரும்பாலும் அவற்றிலிருந்தே கிடைத்துவிடும்.

மைதானத்தின் கணக்கு

தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால், அந்த மூன்று மாதங்களில் திறந்தவெளி லீக் நடத்துவது கடினம். ஏப்ரல், மே மாதங்களில் காலை பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. எனவே பொங்கலுக்குப் பிந்தைய ஞாயிறு தொடங்கி மார்ச் இறுதி வரையிலான பதினொரு ஞாயிறுகள்தாம் பல ஊர்களுக்குக் கிடைக்கும் நல்ல பருவம். இவற்றில் இரண்டு ஞாயிறுகள் முகூர்த்த நாள், திருவிழா, மைதானத்தில் வேறு நிகழ்ச்சி என்று எப்படியும் போய்விடும். அதை முன்கூட்டியே கழித்துவிடுவது நல்லது. மீதி ஒன்பது ஞாயிறுகள்.

ஓர் ஓவர் வீச ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் ஆகும். ஆகவே 12 ஓவர் ஆட்டத்தின் 24 ஓவர்களுக்கு 96 நிமிடங்கள் செல்லும். டாஸ், இடைவேளை, புதருக்குள் போன பந்தைத் தேடும் நேரம் எல்லாம் சேர்த்தால் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். காலை 6.30, 8.30, 10.30 என்று நாளொன்றுக்கு மூன்று ஆட்டங்கள் நடக்கும். ஒன்பது ஞாயிறுகளுக்கு 27 ஆட்டங்கள். அதில் ஒரு ஞாயிற்றை, அதாவது மூன்று ஆட்டங்களுக்கான நேரத்தை, மழைக்கும் எதிர்பாராத தடங்கலுக்கும் ஒதுக்கிவிட்டால் திட்டமிடக் கிடைப்பவை 24 ஆட்டங்கள்தாம். இந்த ஒதுக்கீட்டை வீண் என்று கருதி அதிலும் ஆட்டங்களை நிரப்பிவிடும் செயற்குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு ஞாயிறு மழை பெய்தால் அவர்களுடைய அட்டவணை முழுவதும் சரிந்துவிடுகிறது.

எல்லா அணிகளும் ஒன்றோடொன்று ஒருமுறை மோதும் லீக் முறையில் ஆட்டங்களின் எண்ணிக்கையைக் காண்பது எளிது: அணிகளின் எண்ணை அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். 6 அணிகளுக்கு 15 ஆட்டங்கள், 7 அணிகளுக்கு 21, 8 அணிகளுக்கு 28, 10 அணிகளுக்கு 45, 12 அணிகளுக்கு 66. அணிகள் இரண்டு கூடும்போது ஆட்டங்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதைக் கவனியுங்கள். நல்ல நண்பர்கள் கேட்கிறார்களே என்று கடைசி நேரத்தில் இரண்டு அணிகளைச் சேர்த்துக்கொள்ளும் செயலர், 8 அணி லீக்கை 10 அணி லீக்காக மாற்றும்போது உண்மையில் 17 ஆட்டங்களைக் கூட்டுகிறார். நம் கணக்கில் அது ஆறு ஞாயிறுகள்.

எனவே 24 ஆட்டங்கள் என்ற வரம்புக்குள் 8 அணிகளின் முழு லீக் அடங்காது. 28 லீக் ஆட்டங்கள், இரண்டு அரையிறுதிகள், ஓர் இறுதி என்று 31 ஆட்டங்கள் தேவைப்படும். இங்கே செயற்குழுவின் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, ஏழு அணிகளோடு நிறுத்திக்கொள்வது: 21 லீக் ஆட்டங்களும் 3 இறுதிக்கட்ட ஆட்டங்களும் சேர்ந்து சரியாக 24 ஆகும். இரண்டாவது, ஓவர்களைக் குறைப்பது: 10 ஓவர் ஆட்டத்தை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டால் 6.30, 8.00, 9.30, 11.00 என்று நாளுக்கு நான்கு ஆட்டங்கள் நடத்தலாம். ஒதுக்கிய ஞாயிறு போக 32 ஆட்டங்களுக்கு இடம் கிடைக்கும், 8 அணிகளின் 31 ஆட்டங்களும் அதற்குள் அடங்கிவிடும். மூன்றாவது, அணிகளைக் குழுக்களாகப் பிரிப்பது. முதலிரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் மூன்றாவதை நாட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கபடிக்கும் வாலிபாலுக்கும் இந்தக் கணக்கு மிகவும் தளர்வானது. கபடியில் இருபது நிமிடப் பாதிகள் இரண்டும் இடையில் ஐந்து நிமிட ஓய்வும் சேர்ந்து முக்கால் மணி நேரத்தில் ஆட்டம் முடிகிறது. மின்விளக்கின் கீழ் ஒரே இரவில் ஆறு ஆட்டங்கள் நடத்த முடியும் என்பதால், அங்கே முழு லீக் நடத்தாமல் இருப்பதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

ஓர் அணிக்கு எத்தனை ஆட்டங்கள்

நாங்கள் முதன்முதலில் நடத்திய தொடரில் பதினோரு அணிகள் சேர்ந்தன. நாக் அவுட் முறை. முப்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்து வேன் பிடித்து வந்த ஓர் அணி, காலை ஆறரை மணிக்கு இறங்கி, எட்டேகால் மணிக்குத் தோற்று, நுழைவுக் கட்டணத்தையும் வேன் வாடகையையும் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனது. அந்த அணியில் பதினான்கு பேர். அவர்களில் நான்கு பேருக்குப் பேட்டைத் தொடவும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு அவர்கள் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை.

நாக் அவுட்டின் கணக்கு மிக எளிது. அணிகளின் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் மொத்த ஆட்டங்கள் வந்துவிடும், ஏனெனில் ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அணியை வெளியேற்றுகிறது. பதினாறு அணிகளுக்கு பதினைந்தே ஆட்டங்கள். ஆனால் அவற்றுள் எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்பும். அணிகளின் எண் 4, 8, 16, 32 என்ற வரிசையில் இல்லாவிட்டால், அடுத்த பெரிய எண்ணிலிருந்து கழித்து வருகிற எண்ணிக்கையில் அணிகளுக்கு ‘பை’, அதாவது முதல் சுற்றில் ஆடாமலே இரண்டாம் சுற்றுக்குப் போகும் சலுகை, கொடுக்க வேண்டும். பதினோரு அணிகள் என்றால் பதினாறிலிருந்து கழித்து ஐந்து பை. அதாவது முதல் சுற்றில் ஆறு அணிகள் மட்டுமே ஆடும். பை யாருக்கு என்பதைக் குலுக்கலில் அனைவர் முன்னிலையிலும் முடிவு செய்யாவிட்டால் தொடங்கும் முன்பே சண்டை வந்துவிடும்.

பொங்கல் விளையாட்டு, கோயில் திருவிழா என்று ஓரிரு நாள்களில் முடிய வேண்டிய போட்டிகளுக்கு நாக் அவுட்டே சரியானது. அங்கும் முதல் சுற்றில் தோற்ற அணிகளுக்கென இரண்டாம் கோப்பை ஒன்றை வைத்துத் தனியாக ஒரு நாக் அவுட் நடத்தினால், ஒவ்வோர் அணிக்கும் இரண்டு ஆட்டங்களாவது கிடைக்கும். பதினாறு அணித் தொடருக்கு இதனால் ஏழு ஆட்டங்கள்தாம் கூடுகின்றன; தூரத்திலிருந்து வரும் அணிகளை மதிக்கும் எந்தச் செயற்குழுவும் இந்த ஏழு ஆட்டங்களுக்கு இடம் தேடிக்கொள்ளும்.

பருவம் முழுவதும் நடக்கும் லீக்குக்கு, ஓர் அணிக்குக் குறைந்தது ஐந்து அல்லது ஆறு ஆட்டங்கள் இருக்க வேண்டும் என்பதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன். அதற்குக் குறைந்தால், அந்த அணியின் பெஞ்சில் இருக்கும் பையனுக்கு ஒரு வாய்ப்பும் கிடைக்காது. கேப்டன் ஒவ்வோர் ஆட்டத்தையும் வாழ்வா சாவா என்று எடுத்துக்கொண்டு அதே பதினொரு பேரையே இறக்குவார். நுழைவுக் கட்டணத்தையும் இந்த எண்ணோடு சேர்த்தே நிர்ணயிக்க வேண்டும். நடுவர் ஊதியம், பந்து, தண்ணீர், மைதான வாடகை எல்லாம் சேர்ந்து ஆட்டமொன்றுக்கு 1,500 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 24 ஆட்டங்களுக்கு 36,000 ரூபாய். ஏழு அணிகள் பங்கிட்டுக்கொண்டால் அணிக்கு ஏறத்தாழ 5,150 ரூபாய். ஆறு ஆட்டங்கள் உறுதி என்று சொல்லி இந்தத் தொகையைக் கேட்டால் யாரும் தயங்குவதில்லை. பரிசுத் தொகையை நன்கொடையாளர்களிடமிருந்து தனியாகத் திரட்டுவதே நல்லது. நுழைவுக் கட்டணத்திலிருந்து பரிசு கொடுக்கத் தொடங்கினால், பலம் குறைந்த அணிகள் பலம் மிகுந்த அணிகளுக்குப் பணம் கட்டும் ஏற்பாடாக அது மாறிவிடும்.

குழுக்களாகப் பிரிப்பதில் உள்ள சிக்கல்

நம் ஊர்ச் சுவரொட்டிகளில் அடிக்கடி காணப்படும் ‘லீக் கம் நாக் அவுட்’ என்பது பெரும்பாலும் குழுமுறைதான். பத்து அணிகளை ஐந்து ஐந்தாகப் பிரித்தால் 20 லீக் ஆட்டங்கள், அதன் பின் மூன்று ஆட்டங்கள், மொத்தம் 23. நம் வரம்புக்குள் அடங்குகிறது. ஓர் அணிக்கு நான்கு ஆட்டங்கள் உறுதி. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால் குழு சிறியதாக ஆக ஆக, ஒரு நாளின் தவறு முழுப் பருவத்தையும் விழுங்கிவிடுகிறது. 2007 கிரிக்கெட் உலகக் கோப்பையில் பதினாறு அணிகள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. வங்கதேசத்திடமும் இலங்கையிடமும் தோற்ற இந்தியா மூன்றே ஆட்டங்களோடு ஊர் திரும்பியதை நம்மில் யாரும் மறக்கவில்லை. உலக அளவிலேயே அப்படியென்றால், மூன்று பேர் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டதால் எட்டுப் பேரோடு இறங்கும் உள்ளூர் அணிக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு பெரிய அடி என்பதை நினைத்துப் பாருங்கள்.

மூன்று அணிகள் கொண்ட குழு எந்த நிலையிலும் வேண்டாம். மூன்று அணிகளும் ஆளுக்கொரு வெற்றி பெற்று நிற்பது மிக எளிதில் நடக்கும்; மேலும் கடைசி ஆட்டத்தில் ஓர் அணி வெளியே உட்கார்ந்திருக்க, மற்ற இரண்டும் தமக்குத் தேவையான முடிவைத் தெரிந்துகொண்டே களத்தில் இறங்கும். 48 அணிகள் ஆடும் 2026 கால்பந்து உலகக் கோப்பைக்கு ஃபிஃபா முதலில் மூன்று அணிக் குழுக்கள் பதினாறு என்றுதான் திட்டமிட்டது. பிறகு 2023 மார்ச்சில் அதைக் கைவிட்டு நான்கு அணிக் குழுக்கள் பன்னிரண்டு என்று மாற்றிக்கொண்டது. குழுமுறையைத் தவிர்க்க முடியாதென்றால் ஐந்து அல்லது ஆறு அணிகள் கொண்ட குழுக்களாக அமையுங்கள். முந்தைய ஆண்டின் முதல் நான்கு அணிகளையும் குழுக்களுக்குச் சமமாகப் பிரித்த பிறகே மற்றவற்றைக் குலுக்கல் போடுங்கள்.

பதினாறு அணிகள் உறுதியாக வருகின்றன, இரண்டு மைதானங்களும் கிடைக்கின்றன என்றால், குழுக்களைவிட டிவிஷன்களே மேல். எட்டு எட்டாக இரண்டு டிவிஷன்கள். மேல் டிவிஷனில் கடைசி இரண்டு இடங்களைப் பெறும் அணிகள் அடுத்த ஆண்டு கீழே இறங்கும், கீழ் டிவிஷனின் முதல் இரண்டு அணிகள் மேலே ஏறும். சென்னையின் கிரிக்கெட் லீக் பல டிவிஷன்களாக இப்படித்தான் நீண்ட காலமாக நடக்கிறது. கம்பெனி அணி ஒன்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் அணியை நான்கு ஓவரில் முடித்துவிடும் ஆட்டங்கள் இதனால் குறைகின்றன. பட்டியலின் அடியில் இருக்கும் அணிக்கும் கடைசி ஞாயிறு வரை ஆட ஒரு காரணம் இருக்கிறது.

அணிகள் இருபதைத் தாண்டி, நாள்கள் குறைவாக இருந்தால் செஸ் வீரர்கள் பயன்படுத்தும் சுவிஸ் முறையை எண்ணிப் பார்க்கலாம். யாரும் வெளியேறுவதில்லை, ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஒரே புள்ளியில் இருக்கும் அணிகள், முன்பு மோதாதவையாகப் பார்த்து, ஒன்றோடொன்று மோதும். 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட்டில் ஓபன் பிரிவில் மட்டும் 180க்கும் மேற்பட்ட அணிகளைப் பதினொரே சுற்றுகளில் வரிசைப்படுத்தியது இந்த முறைதான். இதில் அடுத்த வாரம் யாரோடு ஆட்டம் என்பது இந்த வாரம் முடிந்த பிறகே தெரியும். கேரம், டேபிள் டென்னிஸ், பேட்மிண்டன் போன்று ஒரே அரங்கில் நடக்கும் விளையாட்டுகளுக்கு அது தடையல்ல. வேனும் விடுப்பும் முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டிய கிரிக்கெட் அணிகளுக்குச் சிரமம்.

அட்டவணை போடும் விதம்

ஏழு அணிகளோடு முழு லீக் நடத்துவது என்று முடிவானால், அட்டவணை போடக் கணினி வேண்டியதில்லை. எட்டு அட்டைகள் போதும். ஏழு அட்டைகளில் 1 முதல் 7 வரை எண்களையும், எட்டாவதில் ‘ஓய்வு’ என்றும் எழுதுங்கள். மேல் வரிசையில் இடமிருந்து வலமாக ஓய்வு, 1, 2, 3 என்றும், கீழ் வரிசையில் அவற்றுக்கு நேராக 7, 6, 5, 4 என்றும் அடுக்குங்கள். மேலும் கீழுமாக நிற்கும் அட்டைகள் அந்த வாரம் மோதும் அணிகள்: 1க்கு 6, 2க்கு 5, 3க்கு 4, ஏழாம் அணிக்கு ஓய்வு. அடுத்த வாரத்துக்கு ‘ஓய்வு’ அட்டையைத் தொடாமல், மற்ற ஏழையும் கடிகாரச் சுற்றில் ஓர் இடம் நகர்த்துங்கள். மேலே ஓய்வு, 7, 1, 2; கீழே 6, 5, 4, 3. இப்போது 7க்கு 5, 1க்கு 4, 2க்கு 3; ஆறாம் அணிக்கு ஓய்வு. இப்படி ஏழு வாரங்கள் நகர்த்தினால் எல்லாரும் எல்லாரோடும் ஒருமுறை மோதி முடித்திருப்பார்கள்.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. இரண்டாம் நெடுவரிசையில் நிற்கும் அணிகளுக்கு எப்போதும் 6.30 மணி, மூன்றாவதற்கு 8.30, நான்காவதற்கு 10.30 என்று வைத்துவிட்டால், பருவம் முடியும்போது ஒவ்வோர் அணியும் ஒவ்வொரு நேரத்திலும் சரியாக இரண்டு ஆட்டங்கள் ஆடியிருக்கும். பனி ஈரத்தில் பந்து வழுக்கும் முதல் ஆட்டமும், உச்சி வெயிலில் முடியும் மூன்றாம் ஆட்டமும் யாருக்கும் கூடுதலாகப் போகாது. ‘எங்களுக்கு மட்டும் ஏன் எப்போதும் வெயில் மேட்ச்?’ என்ற குரலை நாங்கள் இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு கேட்கவில்லை.

ஓய்வில் இருக்கும் அணி சும்மா இருக்க வேண்டியதில்லை. அந்த வாரத்து ஸ்கோரரும் லெக் அம்பயரும் அந்த அணியிலிருந்து வர வேண்டும் என்று விதி வைத்தால், எந்த ஆட்டத்திலும் ஆடும் அணியின் ஆள் நடுவராக நிற்க நேராது. ஒற்றைப்படை எண்ணிக்கையைக் குறையாக நினைக்கும் செயற்குழுக்கள் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். எட்டு அணிகள் என்றால் ‘ஓய்வு’ அட்டைக்குப் பதிலாக எட்டாம் அணியை அதே இடத்தில் வைத்து, இதே சுழற்சியைப் பயன்படுத்தலாம். ஆனால் அந்த அணி முதல் நெடுவரிசையிலேயே நிற்பதால் அதன் ஆட்ட நேரங்களை மட்டும் கையால் மாற்றிச் சமன் செய்ய வேண்டியிருக்கும்.

மழைக்கு ஒதுக்கிய ஞாயிற்றைப் பருவத்தின் கடைசியில் வைக்காமல், லீக் சுற்று முடிந்து அரையிறுதிக்கு முன்னால் வைக்க வேண்டும். அப்போதுதான் தள்ளிப்போன லீக் ஆட்டங்களை முடித்துவிட்டு இறுதிக்கட்டத்துக்குப் போக முடியும்.

புள்ளிகளும் சமநிலையும்

வெற்றிக்கு 2, டை அல்லது கைவிடப்பட்ட ஆட்டத்துக்கு 1, தோல்விக்கு 0 என்பதே கிரிக்கெட்டுக்குப் போதும். வாலிபாலில் சர்வதேசப் போட்டிகளில் உள்ளபடி 3-0, 3-1 வெற்றிக்கு 3 புள்ளிகளும், 3-2 ஆட்டத்தில் வென்றவருக்கு 2, தோற்றவருக்கு 1 என்றும் கொடுப்பதை நான் ஆதரிக்கிறேன். இரண்டு செட் பின்தங்கிய அணியும் விடாமல் ஆடும். கால்பந்தில் வெற்றிக்கு மூன்று புள்ளிகள் தருவது 1981இல் இங்கிலாந்து லீக்கில் தொடங்கி, 1994இல் உலகக் கோப்பைக்கும் வந்தது. டிராவுக்காக ஆடுவதை அது ஓரளவு குறைக்கிறது.

இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் முடித்தால் என்ன செய்வது என்பதுதான் பெரும்பாலான லீக்குகளை உடைக்கும் கேள்வி. 2019 கிரிக்கெட் உலகக் கோப்பையில் நியூசிலாந்தும் பாகிஸ்தானும் 11 புள்ளிகள் பெற்றன. லீக் ஆட்டத்தில் பாகிஸ்தான்தான் நியூசிலாந்தை வென்றிருந்தது; ஆனால் நெட் ரன் ரேட்டில், அதாவது ஓவருக்கு எடுத்த ரன்னுக்கும் விட்டுக்கொடுத்த ரன்னுக்கும் உள்ள வித்தியாசத்தில், பின்தங்கியதால் வெளியேறியது. முதல் ஆட்டத்தில் மேற்கிந்தியத் தீவுகளிடம் 105 ரன்னுக்கு ஆட்டமிழந்து, அதை எதிரணி 13.4 ஓவரில் எட்டிய அந்த ஒரு தோல்வியின் சுமையை அவர்களால் கடைசி வரை இறக்கிவைக்க முடியவில்லை. உலகக் கோப்பைக்கு அது பொருந்தலாம். உள்ளூர் லீக்கில் நேருக்கு நேர் மோதிய ஆட்டத்தின் முடிவை முதலிலும், ரன் ரேட்டை அதற்கடுத்தும் வைப்பதே நியாயம் என்று நான் கருதுகிறேன். ‘நாங்கள்தானே அவர்களை ஜெயித்தோம்’ என்ற ஆட்டக்காரனுக்குக் கொடுக்க நல்ல பதில் எதுவும் இல்லை. தவிர, நம் ஸ்கோர் புத்தகங்களில் ஓவர் கணக்கு எப்போதும் துல்லியமாக இருப்பதில்லை.

மூன்று அணிகள் சமமாகி, ஒன்றை ஒன்று வட்டமாக வென்றிருந்தால் ரன் ரேட் தேவைப்படும்; எனவே அதைச் சரியாகக் கணக்கிடத் தெரிந்திருக்க வேண்டும். பருவம் முழுவதும் எடுத்த ரன்களைக் கூட்டி, ஆடிய ஓவர்களின் கூட்டலால் வகுத்து, அதிலிருந்து அதேபோல் விட்டுக்கொடுத்த ரன் வீதத்தைக் கழிக்க வேண்டும்; ஆட்டத்துக்கு ஆட்டம் கணக்கிட்டுச் சராசரி எடுக்கக் கூடாது. 12 ஓவர் ஆட்டத்தில் ஓர் அணி 9 ஓவரில் 60 ரன்னுக்கு ஆல் அவுட் ஆனால், அதன் கணக்கில் 9 அல்ல, முழு 12 ஓவர்களே சேரும். 8.4 ஓவர் என்பது எட்டு ஓவரும் நான்கு பந்தும். அதைக் கணக்கில் 8.67 என்று எழுத வேண்டும். இந்த மூன்று இடங்களிலும் தவறு செய்த பட்டியல்களை வைத்து அரையிறுதி அணிகளை அறிவித்துவிட்டு, பிறகு திருத்தம் கொடுத்த தொடர்கள் உண்டு.

மழையால் நின்ற ஆட்டத்துக்கு ஆளுக்கொரு புள்ளி என்பது எளிய விதி, ஆனால் அது முடிவை மாற்றவல்லது. 1992 உலகக் கோப்பையில் இங்கிலாந்திடம் 74 ரன்னில் சுருண்ட பாகிஸ்தான், மழையால் அந்த ஆட்டத்தில் ஒரு புள்ளி பெற்றது. எட்டுப் புள்ளிகளோடு நின்ற ஆஸ்திரேலியாவையும் மேற்கிந்தியத் தீவுகளையும் முந்தி, ஒன்பது புள்ளிகளோடு அரையிறுதிக்குச் சென்று கோப்பையையும் வென்றது. எனவே ஒதுக்கிய ஞாயிற்றில் மறு ஆட்டம் வைக்க முடிந்தால் வைத்துவிடுங்கள். அதற்கும் வழியில்லாதபோது மட்டும் புள்ளியைப் பகிருங்கள். மழைக்கால இலக்கைத் திருத்தும் டக்வொர்த் லூயிஸ் ஸ்டெர்ன் கணக்கை 12 ஓவர் ஆட்டத்துக்குக் கொண்டுவர வேண்டாம்.

வராத அணிகளுக்கும் இப்போதே விதி வேண்டும். குறித்த நேரத்திலிருந்து இருபது நிமிடத்துக்குள் ஏழு பேராவது மைதானத்தில் இல்லையென்றால் வாக்ஓவர். எதிரணிக்கு 2 புள்ளிகள், இரு அணிகளின் ரன் ரேட்டிலும் மாற்றமில்லை. இரண்டு முறை வராத அணி நீக்கப்படும். நீக்கப்பட்ட அணி தன் ஆட்டங்களில் பாதியைக்கூட ஆடியிருக்காவிட்டால் அதன் முடிவுகள் அனைத்தையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். பாதிக்கு மேல் ஆடியிருந்தால் மீதியை எதிரணிகளுக்கு வாக்ஓவராகக் கொடுக்க வேண்டும். செஸ் லீக்குகளில் பழகிய இந்த விதி மற்ற விளையாட்டுகளுக்கும் அப்படியே பொருந்துகிறது. நுழைவுக் கட்டணத்தோடு ஆயிரம் ரூபாய் முன்வைப்பாக வாங்கி, எல்லா ஆட்டங்களுக்கும் வந்த அணிக்குப் பருவ முடிவில் திருப்பிக் கொடுத்தால் வாக்ஓவர்கள் பெருமளவு குறைகின்றன.

இறுதிக்கட்டம்

பட்டியலில் முதலிடம் பெற்ற அணியே சாம்பியன் என்று அறிவித்துவிடுவது கணக்குப்படி மிகவும் நேர்மையானது. ஆனால் ஊர் மக்கள் கூடிப் பார்ப்பது இறுதி ஆட்டத்தைத்தான். நன்கொடையாளர்களும் அன்றுதான் வருவார்கள். எனவே இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்: பட்டியலில் முதலிடம் பெற்ற அணிக்குத் தனிக் கோப்பை, முதல் நான்கு அணிகளுக்கு அரையிறுதி.

ஐபிஎல் 2011 முதல் பின்பற்றும் நான்கு ஆட்ட முறை, முதல் இரண்டு இடங்களைப் பெற்ற அணிகளுக்கு இரண்டாவது வாய்ப்புத் தருவதால் லீக் சுற்றை மதிக்கிறது. டிஎன்பிஎல் தொடரிலும் எட்டு அணிகளின் லீக்குக்குப் பிறகு அதையே பார்க்கிறோம். ஆயினும் அதில் எலிமினேட்டரில், அதாவது மூன்றாம், நான்காம் இடங்களுக்கு இடையிலான ஆட்டத்தில், ஆடும் அணி கோப்பையை வெல்ல இறுதியோடு சேர்த்து மூன்று ஆட்டங்கள் ஆட வேண்டும். அதை ஒரே நாளில் நடத்தினால் பந்துவீச்சாளர்களின் தோள் தாங்காது. இரண்டு ஞாயிறுகள் இருந்தால் மட்டும் செய்யுங்கள். ஒரே நாள்தான் இருக்கிறதென்றால் காலையில் இரண்டு அரையிறுதிகளும், மாலை நான்கு மணிக்கு இறுதியும் போதும். முதலிடத்துக்கும் நான்காமிடத்துக்கும் நடக்கும் அரையிறுதியைக் காலை முதல் ஆட்டமாக வைத்தால், முதலிடம் பெற்ற அணிக்கு இறுதிக்கு முன் கூடுதல் ஓய்வு கிடைக்கும்.

கடைசி லீக் ஞாயிற்றில் ஒரு கவனம் தேவை. 1982 கால்பந்து உலகக் கோப்பையில் அல்ஜீரியா தன் ஆட்டத்தை முதல் நாளே முடித்துவிட்டிருந்தது. எந்த முடிவு வந்தால் இருவரும் அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்று தெரிந்திருந்த மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும், கிஹோன் நகரில் 1-0 என்ற நிலை வந்த பிறகு வெறுமனே பந்தை உருட்டி நேரத்தைக் கழித்தன. அதன் பிறகே குழுவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடத்தப்பட்டன. ஒரே மைதானம் உள்ள நமக்கு அது முடியாது. நேருக்கு நேர் முடிவை முதல் அளவுகோலாக வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: எத்தனை ஓவரில் ஜெயித்தால் போதும் என்று மரத்தடியில் உட்கார்ந்து கணக்குப் போட அதிக இடம் இருக்காது.

இவை அனைத்தையும் இரண்டு பக்கங்களுக்கு மிகாமல் தமிழில் எழுதி, ஓவர்களின் எண்ணிக்கை, புள்ளி, சமநிலை விதிகளின் வரிசை, மழை விதி, வாக்ஓவர் விதி, இறுதி ஆட்டமும் டை ஆனால் சூப்பர் ஓவர், அதுவும் டை ஆனால் மீண்டும் ஒரு சூப்பர் ஓவர் என்பது வரை சேர்த்துவிடுங்கள். 2019 உலகக் கோப்பை இறுதி பவுண்டரிகளின் எண்ணிக்கையால் முடிவான பிறகு ஐசிசியே அந்த விதியை நீக்கிவிட்டது. நாமும் அதைத் தொட வேண்டாம். குலுக்கல் நாளன்று, சீட்டு எடுப்பதற்கு முன்பாக, ஒவ்வொரு கேப்டனும் இந்தத் தாளைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். தன் எண் எது என்று தெரிந்த பிறகு எந்த விதியும் யாருக்கோ சாதகமாகத் தோன்றும் என்பதால், கையெழுத்து முதலிலும் குலுக்கல் பிறகும் நடக்க வேண்டும். கையெழுத்திட்ட தாளின் ஒரு படி ஒவ்வொரு கேப்டனிடமும், ஒரு படி ஸ்கோர் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் ஒட்டப்பட்டு இருக்கட்டும்.